ஐதரசன் கிட் பூட்டிக் கழற்றிய கதை

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றத் தொடங்கினார்கள். கொழும்பில் ஐதரசன் கிட் பேச்சு சூடு பிடித்தது அப்போதுதான். மச்சானும் ஒன்றை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான். "பாதித் தூரம் தண்ணியிலதான் ஓடும், பூட்டிப் பார்" என்றான். என்னுடையது பழைய நிஸான் எப்பி 15, 1.5 லீற்றர் எஞ்சின். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அளந்து பார்க்க ஆசை இருந்தது.

பெட்டிக்குள் இருந்தவை: துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய ஒரு செல், தண்ணீர்ப் போத்தல், குமிழிப் போத்தல், செல்லுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, பியூஸ், தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயக் கொஞ்சம் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு. மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும். அந்த வாயுவை எயார் பில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் விட வேண்டும். பூட்டுவதில் இரண்டு விஷயம் முக்கியம். குமிழிப் போத்தலை விட்டுவிடக் கூடாது. எஞ்சின் திருப்பி வெடித்தால் சுடரை அதிலுள்ள தண்ணீர்தான் மறிக்கும். மற்றது ரிலே. கிட்டோடு வந்த தாளில் இக்னிஷன் வயரில் கொடுக்கச் சொல்லியிருந்தது. அப்படிச் செய்தால், சாவியைத் திருப்பிவிட்டு எஞ்சினை ஓட்டாமல் இருந்தாலும் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் பெற்றோல் பம்ப் வயரில் கொடுத்தோம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், வாயுவும் நிற்கும்.

அளக்கும் முறையை மட்டும் நான் மாற்ற விடவில்லை. ஒரே பெற்றோல் ஷெட், ஒரே பம்ப். முதல் தடவை 'டக்' என்று நின்றதும் போதும், அதற்கு மேல் ஒரு துளியும் ஊற்றுவதில்லை. காலையில் கோட்டை, மாலையில் வெள்ளவத்தை, ஏசி போட்டபடி. கிட் ஓடும் வாரம் ஒன்று, பியூஸைக் கழற்றிய வாரம் ஒன்று என்று மாறி மாறிப் பார்த்தோம். எந்த வாரம் எது என்று எனக்குத் தெரியாமல் மச்சானே பியூஸைக் கழற்றுவான். ஏனென்றால் கிட் ஓடுகிறது என்று தெரிந்தாலே கால் தானாக மெதுவாகிவிடும். எத்தனையோ பேரின் 'முப்பது வீதம் மிச்சம்' அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

லீற்றருக்குச் சுமார் ஒன்பது கிலோமீற்றர். பூட்டினாலும் அதே, கழற்றினாலும் அதே.

கிளாம்ப் மீற்றர் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். செல் ஏறக்குறைய 18 அம்பியர் இழுத்தது, அதாவது 250 வாற். அதில் வரும் வாயு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவு, எரித்தால் கிடைப்பது ஏறத்தாழ 130 வாற் வெப்பம். ஆனால் அந்த 250 வாற் சும்மா வரவில்லை. அதை உண்டாக்கும் ஒல்டர்னேட்டரிலும் எஞ்சினிலும் வீணாகும் பங்கைச் சேர்த்தால், அதற்காக எரியும் பெற்றோலின் வெப்பம் 1,500 வாற்றைத் தாண்டும். பத்துப் பங்குக்கு மேல் கொடுத்து ஒரு பங்கை வாங்குகிறோம். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்படும் நூற்றுக்கு மேற்பட்ட சாமான்களைச் சோதித்தும் சொல்லும்படியாக எதையும் காணவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

விற்றவரிடம் கேட்டால் அவரிடம் மறுமொழி தயார்: புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சர் வயரில் பூட்ட இன்னொரு சின்னப் பெட்டி. அது எஞ்சின் கம்பியூட்டரை ஏமாற்றிப் பெற்றோலைக் குறைக்கும். கலவையில் பெற்றோல் குறைந்தால் எஞ்சின் உதறும், புகைப் பரிசோதனையில் வேறு பிரச்சினை வரலாம். அந்தப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. அதனால் வேண்டாம் என்றேன்.

கிட்டைக் கழற்றும் நாளில்தான் வேறொன்று கண்ணில் பட்டது. எவ்வளவு ஓடினாலும் சூடு காட்டும் முள் பாதிக்கு வருவதில்லை. எஞ்சின் சூட்டைச் சரியான அளவில் வைத்திருக்கும் தேர்மோஸ்டாட்டின் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை. இந்த வெயிலுக்கு அது எதற்கு என்று யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் முன்பே கழற்றி எறிந்திருக்கிறார். எஞ்சின் சூடாகாவிட்டால், இன்னும் குளிர்தான் என்று நினைத்துக் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பஞ்சிகாவத்தையில் புதிய தேர்மோஸ்டாட் ஒன்று வாங்கிப் போட்டோம். பின் சில்லு ஒன்றில் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது, அதையும் பார்த்து, ரயர்களுக்குக் காற்றுச் சரியாக அடித்தோம்.

அடுத்த நிரப்பலில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றரைத் தாண்டியது, அதற்குப் பிறகும் இறங்கவில்லை. கிட் இப்போது தெஹிவளையில் மச்சானின் நண்பன் வாகனத்தில் இருக்கிறது. அவருக்குப் பெற்றோல் மிச்சமாம். பியூஸைக் கழற்றிப் பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.