நட்சத்திர மீன் உடம்புல கடற்பஞ்சோட விஷம்

ரெண்டு வாரமா ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி நட்சத்திர மீன் பத்தித்தான் படிச்சுட்டு இருக்கேன், அதுலயும் கடற்பஞ்ச தின்னு வாழுற வகைங்க பத்தி. அதோட உடம்புல இருக்குற கெமிக்கல்ஸ்ல எது அதோட சொந்த சரக்கு, எது சாப்பாட்டுல இருந்து வந்ததுங்கிற கேள்வி என்ன விடவே மாட்டேங்குது.

கடற்பஞ்சால ஓட முடியாது, கடிக்க முடியாது, ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு தண்ணிய வடிகட்டி சாப்பிட்டுட்டு இருக்கும். அதனால உடம்புக்குள்ள விஷத்த சேர்த்து வச்சுக்குது, பல வகைல சிலிக்கா ஊசியும் இருக்கும், நிறைய மீனுங்க அதுல வாயே வைக்காது. ஆனா நட்சத்திர மீன் மெதுவா மேல ஏறி உட்கார்ந்து தன் வயித்தயே வாய் வழியா வெளிய தள்ளி, அங்கயே செரிச்சு உறிஞ்சிட்டு, திரும்ப வயித்த உள்ள இழுத்துக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நியூ கலிடோனியா பக்கம் கடல்ல கிடைச்ச ஃபுரோமியா மோனிலிஸ், செலரினா ஹெஃபர்னானின்னு ரெண்டு நட்சத்திர மீன்ல இருந்து டிலோமைக்காலின் ஏ, கிராம்பெசிடின் 800 மாதிரி ஆல்கலாய்டுங்கள (உயிரினங்கள்ல இருக்குற, நைட்ரஜன் உள்ள கெமிக்கல்ஸ்) பிரிச்சு எடுத்து 1995ல வெளியிட்டாங்க. இதுல டிலோமைக்காலின் 1989லயே கடற்பஞ்சுல இருந்து எடுத்தது, கிராம்பெசிடினும் அப்படித்தான், கிராம்பே கிராம்பேங்கிற கடற்பஞ்சோட பேருதான் அதுக்கே வச்சிருக்காங்க. அஞ்சு வளையம் பின்னிப் பிணைஞ்ச ஒரு குவானிடின் (நைட்ரஜன் நிறைஞ்ச அமைப்பு) தலை, அதுல இருந்து நீளமா ஒரு கொழுப்பமில சங்கிலி, வால் நுனில ஸ்பெர்மிடின்ங்கிற அமீன்னு இவ்வளவு சிக்கலான மூலக்கூறு, செல்லக் கொல்லுற சக்தி வேற ஜாஸ்தி. கடற்பஞ்சு, நட்சத்திர மீன்னு கொஞ்சமும் சம்பந்தமில்லாத ரெண்டு உயிரினம் இத தனித்தனியா கண்டுபிடிச்சிருக்கும்னு நம்புறது கஷ்டம், கடற்பஞ்ச தின்னதுல வந்து சேர்ந்ததுன்னு சொன்னாத்தான் எனக்குப் பொருந்துது. அத சேத்து வச்சுக்கிட்டும் நட்சத்திர மீனுக்கு ஒண்ணும் ஆகலயேங்கிறதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம்!

சொந்த சரக்குன்னா அது சப்போனின். நட்சத்திர மீன்ல இருக்குறத ஆஸ்டெரோசப்போனின்னு சொல்றாங்க, ஸ்டீராய்டு உடம்பு, ஒரு பக்கம் சல்பேட்டு, இன்னொரு பக்கம் அஞ்சாறு சர்க்கரை கோத்த மாலை, தண்ணில சோப்பு மாதிரி நுரைக்கும். செல் சவ்வுல இருக்குற கொலஸ்ட்ராலப் புடிச்சு ஓட்டை போட்டுடும். அப்ப நட்சத்திர மீனோட சொந்த செல் தப்பிக்கிறது எப்படின்னா, அதோட சவ்வுல கொலஸ்ட்ராலுக்கு பதிலா வேற மாதிரி ஸ்டெரால்தான் அதிகம், சப்போனினுக்கு அது அவ்வளவா மசியாதுங்கிறது ஒரு விளக்கம். சிப்பி, நத்தை வகைங்க சிலது இந்த சப்போனின் வாசனை தண்ணில லேசா பட்டாலே ஓட ஆரம்பிச்சுடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது அண்டார்டிக்கா கதைதான். அங்க மெக்மர்டோ சவுண்டுங்கிற கடல் பகுதில மைக்காலேன்னு ஒரு கடற்பஞ்சு, அங்க இருக்குற மத்த கடற்பஞ்செல்லாம் ஆமை வேகத்துல வளரும்போது இது மட்டும் கிடுகிடுன்னு வளரும், விட்டா தரை முழுக்க இதுதான் புடிச்சுக்கும். பெர்க்னாஸ்டர்னு ஒரு நட்சத்திர மீன் பெரிசானதும் பெரும்பாலும் அதத்தான் தேடிப்போய் திங்கும், மைக்காலே மத்ததுங்கள மூடிப்போடாம இருக்க அதுதான் முக்கியமான காரணம்னு பால் டேட்டன்ங்கிற கடல் சூழலியல் ஆய்வாளரோட குழு அந்த குளிர்ல முங்கிப் பாத்து 1974ல எழுதுனாங்க.