வாத்தியாரே!

நம் பள்ளி ஆண்டு விழா மலர்க் குழுவிலிருந்து மூன்று முறை நினைவூட்டிவிட்டார்கள். "போர்டிங் நாட்களைப் பற்றி நகைச்சுவையாக இரண்டு பக்கம் எழுதுங்கண்ணே" என்று கேட்டிருந்தார்கள். சரி, இந்த வாரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்த அன்றுதான் ட்ராயிங் சார் போய்விட்டதாக வாட்ஸப்பில் செய்தி வந்தது. 88 வயது. மறுநாளே அடக்க ஆராதனை. மெல்பர்னிலிருந்து மதுரைக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்த்தேன். பார்த்ததோடு சரி.

நகைச்சுவை கேட்டார்களே, அதற்குக் குறைவில்லை. 1980 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியன்று நம் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே சிரித்திருப்பார்கள். பிந்தைய செட் தம்பிகளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

சாருக்கு வாரத்துக்கு ஒரு பீரியட்தான். அதையும் கணக்கு சார் பாதி வாரம் கடன் வாங்கிக்கொள்வார். அவருடைய நிஜமான வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம். எண்ணெய்க் குளியல் முடிந்து, மூன்றாவது பெல்லுக்கு முன்னால் வார்டன் சாரிடம் பெயர் கொடுத்துவிட்டு, நாங்கள் நாலைந்து பேர் அவர் சைக்கிளுக்குப் பின்னால் நடப்போம். கேரியரில் ஃபிளானல் பலகை, ஹாண்டில்பாரில் அரிக்கேன் விளக்கு. நாகமலை அடிவாரத்தில் ஏதாவது ஒரு ஊர்ச் சாவடியில் போய் இறங்குவோம்.

பலகையில் கம்பளித் துணி போர்த்தியிருக்கும். சார் வரைந்து வெட்டிய படங்களின் முதுகில் உப்புத்தாள் துண்டு. அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும், காற்று அடிக்காத வரைக்கும். மலைக்காற்று இறங்கிவிட்டால் தாவீது கவணைச் சுழற்றுவதற்கு முன்பே கோலியாத் குப்புற விழுந்துவிடுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சார் அசரவே மாட்டார். "பாத்தீங்களா, கல்லைக் காட்டுனதுக்கே விழுந்துட்டான்!" அப்புறம் ஒரு பாட்டு. அவருக்குக் குரல் கிடையாது. அதனால் பாடுகிற வேலை எங்களுக்கு.

நான் நன்றாக வரைவேன் என்று முதலில் சொன்னவர் அவர்தான். பாராட்டாகச் சொல்லவில்லை, கடன்காரனிடம் சொல்வது மாதிரி சொன்னார். எஜமான் ஊழியக்காரர்களிடம் ஒப்படைத்த ஐந்து தாலந்து, இரண்டு தாலந்து, ஒரு தாலந்து கதை நாம் எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்ததுதானே. அதைச் சார் கூலிக் கணக்காக்கிச் சொல்வார். "ஒரு தாலந்துன்னா சும்மான்னு நினைக்காதடா. 6,000 நாள் கூலி. ஒரு மனுசன் இருபது வருசம் மாடா உழைச்சாத்தான் வரும். அதைக் குழி தோண்டிப் புதைச்சான் பாரு, அவன் சோம்பேறி இல்ல, பயந்தாங்கொள்ளி." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னதாக எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

அவருக்குப் பிடித்த ஆள் பெசலெயேல். மோசேயின் காலத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்தவன். யாத்திராகமம் 31. "தேவ ஆவியால நிரப்பினேன்னு கர்த்தர் சொன்னது பிரசங்கியாரைப் பத்தி இல்ல, கைவேலைக்காரனைப் பத்தி" என்பார். எங்களில் வேதம் அறிந்த ஒருவன் (இன்று ஆயராக இருக்கிறான்) "அதுக்கு முன்னாடியே யோசேப்பைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கே சார்" என்று மடக்கினான். சார் ஒரு நிமிடம் யோசித்தார். "அவன் சொப்பனக்காரன்டா. அவனும் நம்ம ஆளுதான்."

ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் சார் மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். தங்கம் தியேட்டர் வாசலில் நின்ற முகங்களில் சிலவற்றுக்குத் தான் மூக்கு போட்டதாகச் சொல்வார். கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, காடாத் துணியை சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பவுடர் கலரில் கலப்பது, எல்லாம் அங்கே கற்றதுதான். வஜ்ஜிரம் காயும்போது வருகிற நாற்றத்தை ஹாலுக்குப் பின்னால் படுத்த யாரும் மறந்திருக்க முடியாது. "வஜ்ஜிரம் குறைஞ்சா பவுடர் உதிரும். கூடினா துணி வெடிக்கும்." இதுவும் எங்களுக்கு ஒரு வேதவசனம். தானே கற்ற இடத்து வித்தைகளில் ஒன்றை மட்டும் அவர் எங்களுக்குத் தடை செய்திருந்தார்: முகத்துக்கு ரோஸ் அடிக்கக் கூடாது. பேனர் முகத்தில் ஒரு கன்னம் ரோஸ், மறு கன்னம் பச்சை நிழலாக இருக்குமே, அது.

1980 டிசம்பருக்கு, 18 அடிக்கு 12 அடியில், மேடையின் பின்திரைக்கு நல்ல மேய்ப்பராக இயேசுவின் படம். பின்னணியில் நாகமலை. ஆடுகள் கூட நம் ஊர் ஆடுகள்தான், காது தொங்கியவை. எல்லாம் முடிந்து முகம் மட்டும் வெள்ளையாக நின்றது. முகத்தைத் தான்தான் போடுவேன் என்று சார் மூன்று நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நிகழ்ச்சியன்று மத்தியானம் பவுடர் வாங்க டவுனுக்குப் போனவர் ஆறு மணியாகியும் வரவில்லை. ஆறரைக்கு விருந்தினர் வந்துவிடுவார்.

நான் ஏணியில் ஏறினேன். உதவ வேண்டும் என்று ஏறவில்லை. முகம் போட எனக்கும் வரும் என்று காட்ட வேண்டும் என்று ஏறினேன்.

எனக்குத் தெரிந்த பெரிய முகம் ஒரே ஒருவருடையதுதான். அந்த வருடம்தான் எம்.ஜி.ஆர். மதுரை மேற்கில் நின்று ஜெயித்திருந்தார். சுவரெல்லாம் அவர் முகம். சனிக்கிழமை அவுட்டிங்கில் ஒவ்வொரு பேனருக்கும் கீழே கழுத்து வலிக்க நின்று பழகிய கை, தாடி வரைந்து தலைமுடியைத் தோள் வரைக்கும் இறக்கியும் ஏமாறவில்லை. ரோஸும் அடித்தேன். தாடிக்கு நடுவே மோவாயில் அந்தக் குழியையும் வைத்துவிட்டேன். நிழலுக்காக வைத்ததாக நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன்.

திரை விலகியது. ஃபோகஸ் லைட் மேய்ப்பர் மேல் விழுந்தது. ஒரு வினாடி அமைதி. பெஞ்சுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருவன் (யாரென்று எனக்குத் தெரியும், இப்போது துபாயில் இருக்கிறான்) இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். தொடர்ந்து, "வாத்தியாரே!"

அந்த நேரம் பார்த்துத்தான் சார் பவுடர்ப் பொட்டலத்தோடு பின்வாசல் வழியாக வந்திருந்தார். யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மேடை ஓரத்திலிருந்து தலையை நீட்டி, "என்னப்பா?" என்றார்.

ஹால் இடிந்தது. முன்வரிசையில் விருந்தினர் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் தாளாளரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வேப்பமரத்தடி விசாரணை. வேப்பமரத்தடி என்றால் உங்களுக்கே தெரியும். "பரிசுத்த மேடையை சினிமாக் கொட்டகை ஆக்கிவிட்டீர்கள்" என்று தாளாளர் சாரைப் பார்த்துத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். சார் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு தியாகி ஆகவும் இல்லை. "பையன் வரைஞ்சான். நான் நேரத்துக்கு வந்திருக்கணும். இன்னைக்கே மாத்திடுறோம் ஐயா" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். அன்று எனக்கு அது புரியவில்லை. "கீர்த்தனை நம்ம ராகத்துல இருக்கலாம், படத்துல நம்ம ஊர் மூக்கு இருக்கக் கூடாதாங்கய்யா?"

இப்போது புரிகிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் நம் ராக தாளத்தில் பாடி வைத்தவற்றை மதுரை மிஷனில் இருந்த எட்வர்ட் வெப் என்ற அமெரிக்கர் 1853-இல் கீர்த்தனைப் புத்தகமாக அச்சிட்டார். அதற்கு முன் ஆலயத்தில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளை வெள்ளைக்கார மெட்டில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று கீர்த்தனையில் ஒரு சரணத்தை விட்டாலே பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று பெயர் வைத்துக்கொண்ட தியோபிலஸ் அப்பாவு ஐயா நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறையே எழுதினாரே (2005-இல் காலமானார்), அதையெல்லாம் சார் அறிந்திருந்தாரா, தெரியாது. அவர் கேட்டது மூக்கைப் பற்றி மட்டும்தான். தாளாளர் பதில் சொல்லவில்லை.

அன்று மதியம் போர்டிங் பையன்கள் அத்தனை பேரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, சார் என்னை ஏணியில் ஏற்றினார். தவிட்டுக் கலர் கலக்கச் சொன்னார். "முதல் பட்டையை நீயே அடி. மோவாயில இருந்து." நான் அழுதுகொண்டே அடித்தேன். கீழே ஒருவன் மெதுவாக "வாத்தியார் அவுட்" என்றான். அழுகையோடு ஆத்திரமும் சேர்ந்திருந்தது. கலக்கும்போதே வஜ்ஜிரத்தை வேண்டுமென்றே குறைத்திருந்தேன். உதிர்ந்து நாசமாய்ப் போகட்டும் என்று.

நான் இறங்கியதும் சார் ஏறினார். முகம் இருந்த இடம் முழுவதையும் தலைமுடி ஆக்கினார். மார்புக்கு மேல் ஒரு அங்கி மடிப்பு, கையைக் கொஞ்சம் திருப்பி, பாதத்தை மலைப் பக்கம் மாற்றி, ஒரு மணி நேரத்தில் மேய்ப்பர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாகமலையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். ஆடுகள் மட்டும் நம்மைத் திரும்பிப் பார்த்தன. சார் இறங்கி, தூரத்தில் நின்று பார்த்து, "முன்னால போறவரோட முகம் பின்னால வர்றவனுக்கு எப்படிடா தெரியும்?" என்றார். சமாளிப்புதான். ஆனால் படம் நன்றாக இருந்தது. ஈஸ்டருக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் அதையே கட்டினார்கள், ஃபிளக்ஸ் வருகிற வரைக்கும்.

படிப்பு முடியும் வரை என் பெயர் "வாத்தியார்" என்றே இருந்தது. சார் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. என்னைக் கும்பகோணம் ஓவியக் கல்லூரிக்கு அனுப்பி, தான் ஓய்வு பெறும்போது தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். கும்பகோணம் போனேன். சென்னைக்குப் போனேன், விளம்பர வேலை. அப்புறம் இங்கே. 25 வருடம் பால் டப்பாவுக்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் பசு வரைந்திருக்கிறேன். நல்ல பசுக்கள். சம்பளமும் நல்ல சம்பளம். யாரும் விசில் அடித்ததில்லை.

வருடாவருடம் அஞ்சலட்டை வரும், ஓரத்தில் பேனாவால் ஒரு ஆடு வரைந்து. ஒரு வருடம் எழுதியிருந்தார்: "பீடத்துக்குப் பின்சுவர் காலியாக இருக்கிறது. கமிட்டியில் பேசிவிட்டேன். ஒரு மே மாதம் வந்தால் முடித்துவிடலாம். முகம் நீதான் போட வேண்டும்." அடுத்த மே என்று பதில் போட்டேன். அந்த மேயில் வீட்டுக் கடன், அதற்கடுத்த மேயில் பிள்ளையின் பரீட்சை. பின்பு அந்தச் சுவரில் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் என்று ஆயர் நண்பன் சொன்னான். சார் அதைப் பற்றி எழுதவில்லை. ஆடு மட்டும் வந்தது.

இங்கே எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு மாலை ஒரு வாடகை ஹாலில் கூடுகிறது. எனக்கு அங்கே ஊழியம் என்றால் கம்ப்யூட்டரில் பாட்டு வரிகளைத் தள்ளிவிடுவது. வரிகளுக்குப் பின்னால் இன்டர்நெட்டில் எடுத்த ஒரு மேய்ப்பர், நீலக் கண், பொன்னிற முடி. ஏழு வருடமாக அதே படம். மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் மாற்றவில்லை.

போன வாரம் அந்த ஆயர் நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். சாரின் அடக்கத்துக்கு வந்தவன் பள்ளிக்கும் ஒரு நடை போயிருக்கிறான். ஆண்டு விழாவுக்காக ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம். உடைந்த பெஞ்சுகளுக்குப் போர்வையாக நம் திரை. மலை மங்கிவிட்டது. ஆடுகளில் இரண்டை எலி தின்றிருக்கிறது. சார் அடித்த கலர் எல்லாம் அப்படியே நிற்கிறது. நான் அடித்த முதல் பட்டை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்து, மேய்ப்பரின் பின்மண்டையில் ரோஸ் நிறத்தில் ஒரு மோவாய், நடுவில் குழி.

"மச்சான், வாத்தியார் எட்டிப் பாக்குறாரு பாரு. தூக்கிப் போடச் சொல்றாங்க. சுருட்டி அனுப்பவா?" என்று கேட்டிருந்தான்.

டேப்பை எடுத்து வீடு முழுக்க அளந்து பார்த்தேன். 18 அடிக்கு 12 அடி சுவர் இந்த வீட்டில் இல்லை.