1993 எங்கே போச்சு?

போன வாரம், தரவுத் தொகுப்புகளைப் பகிரும் கேகிள் தளத்தில் இருந்து உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தை இறக்கினேன். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் தொகுப்பது. 1970 முதல் 2017 வரை, தாக்குதலுக்கு ஒன்றாக 1,81,691 வரிகள், 135 நெடுவரிசைகள். என் பழைய லேப்டாப் அதைத் திறக்கவே முனகியது.

எந்த ஆண்டில் எத்தனை தாக்குதல்கள் என்று ஒரு கோட்டு வரைபடம் போட்டேன். அழகாக வந்தது. எனக்கு முதலில் தேட வேண்டும் என்று தோன்றியது 1993 மார்ச் 12, பம்பாய்த் தொடர் குண்டுவெடிப்பு. 257 பேர் இறந்த நாள். ஒரு வரிகூட இல்லை! ஃபில்டரில்தான் தப்பு என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வருடமே கோப்பில் கிடையாது. ஆரம்ப வருடங்களின் பதிவுகளைச் சேகரித்தது பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனம். அலுவலகம் மாற்றியபோது 1993-க்கான பதிவுகள் தொலைந்துவிட்டனவாம். என் வரைபடமோ 1992-ஐயும் 1994-ஐயும் நேர்க்கோட்டில் இணைத்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

இன்னொரு கூத்து: தாக்கியவர்கள் எத்தனை பேர் என்று சராசரி பார்த்தால் மைனஸில் வந்தது. 'தெரியாது' என்பதற்கு அங்கே -99 என்று போட்டிருக்கிறார்கள். எந்த அமைப்பு எத்தனை தாக்குதல் நடத்தியது என்ற பட்டை வரைபடத்திலும் மிக நீளமான பட்டை 'தெரியாது'தான். அதை நீக்கிவிட்டுப் போடும் படங்களை இனி நான் நம்பப்போவதில்லை.

சரி, கோட்டை 1993-இல் வெட்டி, சாம்பல் நிறத்தில் இடைவெளி விட்டேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்: "என்னப்பா, பல் விழுந்த மாதிரி இருக்கு?"