தண்ணீரைத் தொடாத குதிரை

போன பங்குனியில், கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் செம்மண் தடங்களிலுமாக 40 கிலோமீட்டர் போய்வருவது என்று கணக்கிட்டு, நெடுந்தூரக் குதிரையேற்றப் பயிற்சிக்காக கத்தியவாரி இனத்தைச் சேர்ந்த என் குதிரையில் விடியற்காலையிலேயே புறப்பட்டேன். 25 கிலோமீட்டர் கடந்த பின் ஒரு கண்மாயில் இறக்கியபோது, அவள் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். தாகமில்லை போலும் என்று நானாகவே முடிவு செய்து மறுபடி ஏறிக்கொண்டேன்.

அடுத்த சில நிமிடங்களில் அவள் நடை கனத்தது. கத்தியவாரிக்கே உரிய, நுனிகள் வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்தக் காதுகள் பக்கவாட்டில் சரிந்தன. வழியில் தேநீர்க் கடையில் இருந்த பெரியவர் ஒருவர், அந்நாளில் எல்கைப் பந்தயங்களில் குதிரை வண்டிச் சாரதியாக இருந்தவர், எழுந்து வந்து கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே படியாமல் அப்படியே நின்றது. "தம்பி, தண்ணி வேணாம்னு இது சொல்லலை. உப்புப் போயிருச்சு, அதான் தாகமே தெரியலை" என்றார்.

அவர் சொன்னதற்கு உடலியல் காரணம் உண்டு. மனித வியர்வையில் இரத்தத்தைவிட உப்பு குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க நம் இரத்தம் செறிவடைந்து தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையிலோ இரத்தத்துக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ உப்பு இருப்பதால், நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறி, வற்றிக்கொண்டிருக்கும் உடலுக்குத் தாகம் உறைப்பதில்லை.

தாடையெலும்பின் அடியில் ஓடும் நாடியில் விரல் வைத்து 15 வினாடிகள் எண்ணினேன்: 19. நிமிடத்துக்கு 76. நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்தும் 72-க்குக் கீழே இறங்கவில்லை. ஓய்விலிருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்கும். உப்புக் கரைத்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வைத்து, குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து வீடு சேர்த்தேன்.

சர்வதேசப் போட்டியாக இருந்திருந்தால் அங்கேயே விலக்கியிருப்பார்கள். ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை ஓடும் அப்போட்டிகளில், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் நாடி, ஈறின் நிறம், குடலோசை, நடை எல்லாவற்றையும் பார்ப்பார். வழக்கமான நாடி வரம்பு 64. 2018-இல் அமெரிக்காவின் டிரையானில் நடந்த உலகப் போட்டியையே வெப்பமும் ஈரப்பதமும் கருதிப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் குதிரையின் முதுகில் இருப்பவர் மருத்துவர் அல்லர். பயிற்சி நாளிலோ நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. விதியில் உள்ள எண்ணை எட்டினால் போதும் என்று எண்ணும் ஓட்டுநர்கள்மீது எனக்கு மதிப்பில்லை. அன்று நானும் அப்படித்தான் இருந்தேன்.

நம் எல்கைப் பந்தயத்தில் கொடி வாங்குவது முந்தி வருகிற வண்டி. 1955-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 100 மைல் டெவிஸ் ஓட்டத்தில், முதல் பத்து இடங்களுக்குள் வந்தவற்றில் மிக நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரைக்கென்றே ஹாகின் கோப்பை தனியாக உண்டு. இங்கும் அப்படியொரு பரிசு வைத்தால் அதற்குத்தான் நான் ஆசைப்படுவேன்.

சென்ற வாரம் 18-ஆவது கிலோமீட்டரில் ஒரு கண்மாயில் இறக்கினேன். நாடி 60-தான் இருந்தது. ஆனால் அவள் குடிக்கவில்லை. சேணத்தைத் தளர்த்திவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பினேன்.