ஸ்டிக்கரின் ஓரத்தில் தெரிந்த வெளுப்பு

நண்பர் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த ஹம்பக்கர் பிக்கப் ஒன்பது நாட்களாக என் மேசையில் இருக்கிறது. மின்கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்தான் பிக்கப்; இரண்டு கம்பிச்சுருள் வைத்தது ஹம்பக்கர். 1960இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் கலமசூ தொழிற்சாலையில் செய்தது என்று சொல்லி அவருக்கு விற்றிருக்கிறார்கள். அடித்தகட்டில் கறுப்பு ஸ்டிக்கர், அதில் தங்க நிறத்தில் 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்', அதாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறது. கிட்டார்க்காரர்கள் பி.ஏ.எஃப். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். நல்ல கிட்டார் ஒன்றுக்குக் கொடுக்கும் விலையை இந்தச் சின்னப் பெட்டிக்கே கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதனால் போலிகளுக்கும் குறைவில்லை.

முதல் நாள் மதியம் சுருளின் மின்தடையை அளக்க மல்டிமீட்டரை வைத்தேன். 8.19 கிலோ ஓம். விற்றவர் சொன்னதும் ஏறத்தாழ அதுவே. துள்ளிக் குதிக்காத குறைதான். இரவில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தால் 7.82! மீட்டர் பழுதோ என்று பேட்டரியைக்கூட மாற்றிப் பார்த்தேன். மீட்டரில் ஒரு குறையும் இல்லை. செம்புக்கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். மதியம் அறையில் 33 டிகிரி, இரவில் 21 டிகிரி. கணக்கு அச்சாகப் பொருந்தியது. வெப்பநிலையைச் சொல்லாமல் ஓம் மட்டும் சொல்லி விற்பவர்களிடம் இனி நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, 7.82 என்பது பழையதற்கு அடையாளமா? அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு சுருளுக்கு 5000 சுற்று என்பது பேச்சுக்குத்தான். சுற்றும் இயந்திரம் எண்ணிக்கை வந்ததும் தானாக நிற்காது. சுற்றுபவர் நிறுத்தும்போதுதான் நிற்கும். ஆகவே அசல்களே 7 முதல் 9 வரை பரவிக் கிடக்கின்றன. இந்த எண்ணைப் போலி செய்கிறவர் வெகு எளிதாகத் தொட்டுவிடுவார்.

ஸ்டிக்கரின் கதை இன்னும் வேடிக்கை. இந்த ஹம்பக்கரை வடிவமைத்த கிப்சன் பொறியாளர் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959 ஜூலையில் கிடைத்தது. அதன்பிறகும் 1962 வரை 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்றே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு எண் போட்ட ஸ்டிக்கர் வந்தது. அந்த எண், 2,737,842, பிக்கப்புக்கு உரியதே அல்ல. கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு, அதாவது தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் பாகத்துக்குக் கிடைத்த காப்புரிமை எண் அது. பிக்கப்பின் உண்மையான எண் 2,896,491. போட்டியாளர்களை அலைக்கழிக்கவே அப்படிச் செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நமக்கு முக்கியமானது வேறு: எண் போட்ட தொடக்க கால பிக்கப்புகளுக்கும் பி.ஏ.எஃப்.புக்கும் உள்ளே அநேகமாக வித்தியாசமே கிடையாது. கம்பி சுற்றும் அதே பாபின், அதே கம்பி. பி.ஏ.எஃப்.பின் விலை மட்டும் எங்கோ உயரத்தில் நிற்கிறது. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டத் தூண்டும் ஆசை இங்கிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாம் நாள் அடித்தகட்டின் இரு முனையிலும் மடங்கி நிற்கும் கால்களைப் பார்த்தேன். தகட்டை மடக்கிய இடத்தில் அச்சு பதித்த 'எல்' வடிவக் கீறல் இரண்டு பக்கமும் இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஸ்டிக்கர் மாறிய பிறகும் அதே அச்சுதான் ஓடியது, இப்போது நகல் செய்பவர்களும் அதைப் போடுகிறார்கள். பாபினைத் தகட்டோடு பிடித்திருக்கும் நான்கு சிறு திருகுகளில் ஒன்றைக் கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்தேன். மேலே மூடியிருக்கும் உலோக உறையைத் தொடாமலே பாபினின் நிறம் பார்க்கும் வழி இது. இரண்டு சுருளிலும் கறுப்பு. 1959 வாக்கில் வந்த வெளிர்மஞ்சள் பாபின் இருந்திருந்தால் நண்பருக்கு அன்று சந்தோஷத்தில் தூக்கம் வந்திருக்காது.

இனி மிச்சம் உறைக்குள் இருப்பவை. பாபினின் தலையில் வட்டத்துக்குள் சதுரம் இருக்கிறதா, அறுபதுகளின் நடுவில் வந்த 'டி' எழுத்து இருக்கிறதா, கம்பியின் எனாமல் அந்தக் கருஞ்சிவப்புதானா என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் உறையைத் தகட்டோடு பிடித்திருக்கும் ஈயத்தை உருக்க வேண்டும். இந்த பிக்கப்பில் இரண்டு பற்றும் மங்கிய சாம்பல் நிறத்தில், ஓரத்தில் பழுப்பேறிய பிசினோடு, கத்தி முனை பட்ட தடமே இல்லாமல் இருந்தன. அறுபது ஆண்டுகளாக யாரும் திறக்கவில்லை என்பதற்கு அந்த ஈயமே சாட்சி. திறந்தால் சாட்சி போய்விடும்.

ஏற்கெனவே சூடுபட்டவன் நான். இரண்டு வருடம் முன்பு என்னுடைய எழுபதுகளின் பிக்கப் ஒன்றை ஆர்வக் கோளாறில் திறக்கப்போனேன். ஈயம் இளகும்முன் உறையை நெம்பியதில் 0.06 மில்லிமீட்டர் கம்பி அறுந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அறுந்த முனையைத் தேடித் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. கடைசியில் கிடைக்கவும் இல்லை.

ஏழாம் நாள் இரவு, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைத்து, நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஸ்டிக்கர் மயிரிழை சாய்ந்திருந்தது. அது சாய்ந்த பக்கத்தின் இரு மூலைகளிலும் தகடு கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் காற்றுப்பட்டுக் கறுத்த நிக்கல் சில்வர், இங்கே மட்டும் நேர்கோட்டு விளிம்போடு ஒரு வெளுப்பு. ஒரு மூலையில் கடுகளவு பழைய பசை. இதற்குமுன் இங்கே வேறொரு ஸ்டிக்கர் நேராக ஒட்டப்பட்டுப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறது.

நண்பரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்படியென்றால் போலியா?"

"பிக்கப் போலி இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்டிக்கர் போலி. அறுபதுகளின் தொடக்கத்தில் எண் போட்டு வந்தது என்பது என் ஊகம்."

"திறந்து பார்த்துவிடுங்களேன்."

"என் கையால் மாட்டேன்."

இன்று காலை அதே வேட்டித் துணியில் சுற்றி, கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: 'உறை திறக்கப்படவில்லை. கால்களில் எல் குறி உண்டு. பாபின்கள் கறுப்பு. 21 டிகிரியில் 7.82 கிலோ ஓம். ஸ்டிக்கர் பின்னால் ஒட்டியது.' கடைசி வரியைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதக்கூடாதா என்று கேட்டார். அதே அளவில்தான் எழுதினேன்.