மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டன் எத்தனை மணி நேரம்?

செப்டம்பர் 3, புதன்

டிக்கெட் வந்துவிட்டது. மூத்தவள் கோலாலம்பூரில் இரவு 11.30க்கு ஏறி, லண்டனில் மறுநாள் காலை 6.20க்கு இறங்குகிறாள். "ஏழு மணி நேரம்கூட இல்லையேம்மா" என்றான் சின்னவன். அத்தைக்கு அதைக் கேட்டு ஒரே நிம்மதி. ஆனால் இறங்கும் நேரம் லண்டன் கடிகாரப்படி போட்டது. இப்போது அவர்கள் நமக்கு 7 மணி நேரம் பின்னால். நம் கணக்கில் அவள் இறங்குவது மதியம் 1.20, வானத்தில் மட்டும் 13 மணி 50 நிமிடம். பிள்ளையை அனுப்புகிற வீட்டில் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் விடிந்ததுமே போனைப் பார்த்துத் தவிக்க ஆரம்பித்துவிடுவோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

"லண்டன் எம்மாந்தூரம்?" என்று அத்தை கேட்டார். சுமார் 10,600 கிலோமீட்டர் என்றால் அவருக்குப் பிடிபடவில்லை. கல்யாணமாகி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர் அவர். கடலில் கிட்டத்தட்ட ஒரு வாரம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்ததையும், வாந்தியில் சோறே இறங்காததையும், தோட்டத்துக்கு வந்த மறுவாரமே இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்குப் போய் நின்றதையும் இன்று மறுபடி சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அலுக்காது. இன்றைக்குச் சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,600 கிலோமீட்டர், நாலு மணி நேரம். "அதுபோல நாலு மடங்கு அத்தை" என்றேன். "அப்போ கப்பல்ல ஒரு மாசம்" என்றார். அவருக்கு இப்போதுதான் தூரம் புரிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

சின்னவனின் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தோம். தட்டையான படத்தில் கோடு போட்டால் வருகிற பாதை வேறு. உருண்டையில் நூல் வங்கக் கடலைத் தாண்டி, டெல்லிப் பக்கம், உஸ்பெகிஸ்தான், காஸ்பியன் கடலின் வடகோடி என்று வடக்கே வளைந்து உக்ரேன்மேல் போகிறது. அங்கே விரலை வைத்ததும் யாரும் பேசவில்லை. 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 அங்கே சுடப்பட்டு விழுந்ததும் 298 பேர் போனதும் இந்த நாட்டில் யாருக்கு மறக்கும்? 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரேன் வான்வெளியில் பயணிகள் விமானமே பறப்பதில்லை என்று அத்தையிடம் அழுத்திச் சொன்னேன். சுற்றிப் போகட்டும், நேரம் கூடட்டும், எனக்குச் சம்மதம்.

போகும்போது நேரம் கூடுவதற்குக் காற்றும் ஒரு காரணம். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் இருக்கிறது. போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று மாலை 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே நாலு மணி நேரம் பிடித்தது. இன்று அவள் அறைக்குள் பெட்டியை வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது இங்கே மாலை 5. குடிநுழைவு வரிசை, ரயில் எல்லாம் சேர்த்து ஒரு முழு நாளுக்கு மேல். டிக்கெட்டில் இதெல்லாம் இருக்காது.

அத்தை ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். அதனால் சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பேசுவதென்று முடிவு. அவளுக்கு அப்போது மதியம் 1. அக்டோபர் 26 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், இடைவெளி 8 மணி நேரமாகிவிடும். அப்புறம் அவளுக்குப் பகல் 12. அத்தைக்கு எதுவும் மாறாது.