ஸ்ட்ரிங்கைக் கொடுத்து ஸ்கிரிப்ட் மதிப்பை வாங்குவது: நான் படித்த விதம்

சி நிரலுக்குள் லுவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றை உட்பொதிக்கப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது, ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்) தொடங்குங்கள். எண்ணை அனுப்புவதில் கற்க அதிகம் இல்லை. நீளம், குறியாக்கம், நினைவகம் யார் பொறுப்பு என்ற தலைவலிகள் எல்லாம் ஸ்ட்ரிங்கில்தான் மொத்தமாக வந்து நிற்கும்.

ஆவணத்தைத் திறக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கையில் "42" இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டு எழுத்துள்ள ஸ்ட்ரிங்கா, நாற்பத்திரண்டு என்ற எண்ணா? ஜாவாஸ்கிரிப்டை உட்பொதிக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட்கோர் நூலகத்தில் இதற்குத் தனித்தனி வழி உண்டு. ஜேஎஸ்வேல்யூமேக்ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்காகவே தரும். ஜேஎஸ்வேல்யூமேக்ஃப்ரம்ஜேசான்ஸ்ட்ரிங் அதை ஜேசானாக (தரவை உரையாக எழுதும் வடிவமாக) படித்து எண்ணாகத் தரும். ஜேசான் தவறாக இருந்தால் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) வரும், அவ்வளவுதான்; அதைச் சோதிப்பது உங்கள் வேலை. லுவாவில் லுவா_ஸ்ட்ரிங்டுநம்பர் இன்னும் விசித்திரம். வெற்றி பெற்றால் எண்ணை ஸ்டாக்கில் (சி நிரலும் லுவாவும் மதிப்புகளைப் பரிமாறும் அடுக்கில்) வைத்துவிட்டு ஸ்ட்ரிங்கின் அளவைத் திருப்பித் தரும். கடைசியில் உள்ள பூஜ்ய பைட்டும் சேர்வதால் "42"க்கு 3 வரும்! தோற்றால் 0, ஸ்டாக்கில் எதுவும் ஏறாது. அதைக் கவனிக்காமல் அடுத்த வரியில், ஸ்டாக்கின் மேலே உள்ளதை எடுத்து டேபிளில் வைக்கும் லுவா_செட்ஃபீல்டு அழைத்தால், மேலே ஏற்கெனவே கிடந்த வேறெதையோ எடுத்துக்கொண்டு போய்விடும்.

நீளத்துக்கு "தமிழ்" என்ற சொல்லையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் அது 15 பைட், ஆகவே லுவாவின் # குறி 15 என்கிறது. பைத்தானின் லென்னும் ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்தும் 5 என்கின்றன. கண்ணுக்குத் தெரிவதோ மூன்று எழுத்து. இதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர் பைட்டையும் எழுத்தையும் குழப்பிக்கொள்ள மாட்டார். அப்புறம், நடுவில் பூஜ்ய பைட் வரக்கூடிய தரவென்றால் லுவா_புஷ்ஸ்ட்ரிங் அங்கேயே நின்றுவிடும். நீளத்தையும் வாங்கிக்கொள்ளும் லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங்தான் சரி. லுவா குறியாக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பைத்தானின் பையூனிகோட்_ஃப்ரம்ஸ்ட்ரிங் அப்படியல்ல, யூடிஎஃப்-8 கெட்டிருந்தால் பிழை எழுப்பி நல் தரும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது நினைவகத்தில். லுவா_புஷ்ஸ்ட்ரிங் நகலெடுத்துக்கொள்வதால் உங்கள் பஃபரை உடனே விடுவிக்கலாம். பைத்தானில் புதிய ரெஃபரன்ஸ் (அந்த மதிப்பை வைத்திருந்து விடுவிக்கும் பொறுப்பு) உங்கள் கைக்கு வருகிறது. மதிப்பைப் பட்டியலில் வைக்கும் பைலிஸ்ட்_செட்ஐட்டம் அதைப் பறித்துக்கொள்ளும், பைலிஸ்ட்_அப்பெண்டு பறிக்காது; ஆகவே அப்பெண்டுக்குப் பிறகு நீங்களே ரெஃபரன்ஸை விடும் பை_டெக்ரெஃப் போட வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பது நானாக இருந்தால் கேள்வியை இங்கேதான் வைப்பேன். ஜாவாஸ்கிரிப்ட்கோரில் மதிப்பை உருவாக்கிய கையோடு ஜேஎஸ்ஸ்ட்ரிங்ரிலீஸ் அழைத்து, அதற்குக் கொடுத்த ஸ்ட்ரிங்கை விட்டுவிடலாம்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஸ்ட்ரிங்கை லூப்பில் பத்து லட்சம் முறை உருவாக்கி, நிரலின் நினைவக அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் டெக்ரெஃப் வரியை எங்கே விட்டீர்கள் என்று தேடத் தொடங்கலாம்.